பழைய மடிக்கணினி, புது போன்: ஹாட்ஸ்பாட் கண்ணுக்கே தெரியமாட்டேங்குது

#1 ஓட்டைக்கணினி
வணக்கம் மக்களே. 2010-ல வாங்கின மடிக்கணினி ஒண்ணு வச்சிருக்கேன். விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ரேம். இதைத் தூக்கிப் போடாததுக்கு ஒரே காரணம் என் ஸ்கேனர். அதோட டிரைவர் இதுல மட்டும்தான் ஓடுது, புது விண்டோஸ்ல ஏறவே மாட்டேங்குது.

மூணு வருஷமா பரண்ல கிடந்ததை இறக்கித் தூசி தட்டினேன். உயிரோடதான் இருக்கு. ஸ்கேன் பண்ணின பழைய காகிதங்களை மெயில்ல அனுப்பணும். வீட்ல வேற இணைப்பு கிடையாது, போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். பிரச்சினை என்னன்னா, என் போன் பேரு பட்டியல்லயே வரல. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையா வருது, பக்கத்துலயே வச்சிருக்கிற என் போன் மட்டும் வரல. முந்தி இருந்த பழைய ஆண்ட்ராய்டு போன்ல இதே கணினி ஒழுங்கா ஓடிச்சு. போன் மாத்தினதுக்கு அப்புறம்தான் இந்தக் கூத்து. வைஃபை கார்டு போயிடுச்சா?

#2 சும்மாவந்தேன்
15 வருஷப் பெட்டிக்கு இவ்வளவு பாடா? பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுங்க.

#3 அலைவரிசை
கார்டு போகவில்லை. போயிருந்தால் பக்கத்து வீட்டு வைஃபையும் தெரிந்திருக்காது. கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள்: பழைய போனில் ஓடியது, புதுப் போனில் ஓடவில்லை.

பல புதுப் போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் பரப்புகின்றன. உங்கள் கணினியின் கார்டு அநேகமாக 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும் ரகம். மத்திய அலை வானொலியில் பண்பலையைத் தேடுகிற கதைதான், எவ்வளவு பக்கத்தில் வைத்தாலும் கேட்காது.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பெயரைப் பாருங்கள். 802.11 என்பதற்குப் பின்னால் பி, ஜி, என் என்ற மூன்றும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4 மட்டுமே. ஏ அல்லது ஏசி என்று இருந்தால் 5-ம் கேட்கும்.

சரிசெய்ய வேண்டியது போனில். ஆண்ட்ராய்டு என்றால் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் பேண்ட் (அலைவரிசை) என்று இருக்கும், 2.4-க்கு மாற்றுங்கள். சில போன்களில் அதுவே எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி என்ற பெயரில் இருக்கும். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பெர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டியை இயக்குங்கள். ஐபோனில் கணினி இணைகிறவரை அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். மூடினால் சில நேரம் பெயர் மறைந்துவிடும்.

#4 ஓட்டைக்கணினி
அண்ணே, நீங்க சொன்னபடியே பி, ஜி, என் மட்டும்தான் இருக்கு. போன்ல 2.4 மாத்தின அடுத்த நிமிஷம் பேரு வந்துடுச்சு!

ஆனா சந்தோஷம் அதோட சரி. கிளிக் பண்ணினா கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் இணைக்க முடியலன்னு சொல்லிடுது. பாஸ்வேர்டு கூடக் கேக்கல. பழைய போன்ல என்ன பேரு, என்ன பாஸ்வேர்டு வச்சிருந்தேனோ அதையேதான் புதுசுலயும் வச்சிருக்கேன், குழப்பம் வேண்டாம்னு.

#5 சும்மாவந்தேன்
பாஸ்வேர்டையே எடுத்துடுங்க. ஓப்பன்னு போட்டா எந்தப் பழசும் இணையும். ரெண்டு மெயில் அனுப்பத்தானே?

#6 நிலாமுற்றம்
#5, அந்த ரெண்டு மெயிலும் திறந்த ஹாட்ஸ்பாட்டில் போகும்போது காற்றில் குறியாக்கம் எதுவும் இருக்காது. தளம் எச்டிடிபிஎஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) என்றால் உள்ளடக்கம் தப்பிக்கும், மற்றதெல்லாம் பக்கத்தில் இருக்கும் எவர் கண்ணிலும் படும். அதோடு உங்கள் டேட்டாவை யார் வேண்டுமானாலும் குடிப்பார்கள். கோளாறு எங்கே என்று பார்க்க ஒரு நிமிடம் திறந்து மூடினால் தவறில்லை. அப்படியே விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

#7 அலைவரிசை
பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்ததுதான் குழப்பமே.

விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கிறது. "இந்தப் பெயர், இந்தப் பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 பாதுகாப்பு" என்று அதனிடம் ஒரு பதிவு இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் ஒன்றும் கேட்காமல் பழைய சாவியைப் போட்டுப் பார்க்கிறது. புதுப் போனோ அதற்கு அடுத்த வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ல் இருக்கக்கூடும். டபிள்யூபிஏ2 வந்தது 2004-ல், டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல். விண்டோஸுக்கு டபிள்யூபிஏ3 தெரிந்ததே 10-ன் 1903 பதிப்பில், 2019-ல்தான். விண்டோஸ் 7-க்கு அது தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை.

போனில் ஹாட்ஸ்பாட் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 பெர்சனல் என்று வையுங்கள். டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த ஒரு தேர்வு சில போன்களில் உண்டு, அதுவும் வேண்டாம், சில பழைய டிரைவர்கள் அதிலேயே தடுமாறும். பிறகு கணினியில் மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ் போய் அந்தப் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஹாட்ஸ்பாட் பெயரை இடைவெளியோ குறியோ இல்லாத வெறும் ஆங்கில எழுத்துகளாக வைப்பது நல்லது. ஐபோன் தானாக வைக்கும் பெயரில் வளைந்த மேற்கோள் குறி ஒன்று வரும், அதைப் பார்த்து முழிக்கும் பழைய சாதனங்கள் உண்டு.

#8 கம்பிவடம்
எல்லாரும் ஏன் காத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க? யூஎஸ்பி கேபிளைச் சொருகு, போன்ல யூஎஸ்பி டெதரிங்கை (கேபிள் வழியா நெட் கொடுக்கிற வசதி) ஆன் பண்ணு, முடிஞ்சது ஜோலி. பேண்டும் இல்ல, பாஸ்வேர்டும் இல்ல. விண்டோஸ் 7-ல ஆண்ட்ராய்டு டெதரிங்குக்கு வேண்டிய ஆர்என்டிஐஎஸ்ங்கிற டிரைவர் கூடவே வருது. போன் சார்ஜும் ஏறும். ஹாட்ஸ்பாட்ல போனு தோசைக்கல்லு மாதிரி சுடுமே, அந்தச் சூடும் குறையும்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. போன் ஏதாவது வைஃபையில இருந்தா அந்த வைஃபையையே கேபிள் வழியா கணினிக்குக் கொடுக்கும். அதாவது வைஃபை இல்லாத மேசைக்கணினிக்கு உங்க பழைய போனே வைஃபை அடாப்டர்.

#9 ஓட்டைக்கணினி
அலைவரிசை அண்ணே, பழசை நீக்கிட்டு டபிள்யூபிஏ2 போட்டதும் பாஸ்வேர்டு கேட்டுச்சு, இணைஞ்சிடுச்சு. ஆனா வைஃபை குறி மேல மஞ்சள் முக்கோணம். நோ இன்டர்நெட் ஆக்சஸ்ங்குது. போன்ல நெட் நல்லாத்தான் இருக்கு, இதை எழுதுறதே அதுலதான்.

கம்பிவடம் சொன்னதையும் பார்த்தேன். கேபிள் சொருகினா சார்ஜ் ஏறுது, டெதரிங் பொத்தான் மங்கலாவே இருக்கு, அமுக்க முடியல.

#10 கம்பிவடம்
அது சார்ஜ் கேபிள் தம்பி. யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள்ள நாலு கம்பி இருக்கணும், ரெண்டு மின்சாரத்துக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. மலிவான சில கேபிள்ல டேட்டா கம்பியே போடமாட்டாங்க. வெளியில பார்த்தா அச்சு அசல் ஒண்ணா இருக்கும். போனோட பெட்டியிலயே வந்த கேபிளைத் தேடி எடு. சொருகினதும் கணினி "டிங்"னு சத்தம் போடணும். போடலன்னா கேபிளை மாத்து, அதுக்கு மேல ஒண்ணும் யோசிக்காதே.

#11 எக்ஸ்பிகாவலர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மேசைக்கணினி, விண்டோஸ் எக்ஸ்பி, மூன்றாவது சர்வீஸ் பேக். வைஃபை கிடையாது. கம்பிவடம் சொன்னதைப் பார்த்து ஆண்ட்ராய்டைச் சொருகினேன். டெதரிங் ஆன் ஆகிறது, ஆனால் புது வன்பொருள் என்று சொல்லி டிரைவர் கேட்கிறது. எங்கே போவது?

#12 பெங்குவின்தாசன்
எக்ஸ்பிக்கும் சரி, 7-க்கும் சரி, என் மருந்து ஒன்றே. ஒரு லினக்ஸை பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள், நிறுவ வேண்டாம். அதில் இணையம் வந்தால் வன்பொருள் நலம், கோளாறு விண்டோஸ் அமைப்பில். யூஎஸ்பி டெதரிங்குக்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருப்பதால் சொருகினால் ஓடும். வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றும் நிரல்) கேட்டால் அதையும் அந்தக் கேபிள் இணைப்பிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

32 பிட் செயலி என்றால் மட்டும் கவனம். 2025-ல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் நிறுவி இல்லை, டெபியன் 12-ஐ எடுங்கள்.

#13 சும்மாவந்தேன்
வந்துட்டாருய்யா பெங்குவின். தலைவலின்னு சொன்னாலும் லினக்ஸ் போடச் சொல்வாரு.

#14 பெங்குவின்தாசன்
நீங்கள் இரும்புக் கடைக்கு அனுப்பச் சொன்னீர்கள். நான் பென் டிரைவோடு நிறுத்திக்கொண்டேன் :)

#15 ஓட்டைக்கணினி
வேற கேபிள் கிடைச்சுது, "டிங்"னு சத்தமும் வந்தது! கேபிள்ல முக்கோணம் இல்ல. ஆனா எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லன்னு சிவப்புல மிரட்டுது. தேடுபொறி, மெயில் எல்லாமே அப்படித்தான். உள்ளே இருக்கிறது அரதப் பழைய குரோம்.

கேபிளை உருவிட்டு வைஃபைக்குப் போனா மறுபடி மஞ்சள் முக்கோணம். ஐபிகான்ஃபிக்னு கட்டளை போட்டுப் பார்த்தேன். ஐபி 192.168.43.50, கேட்வே 192.168.43.1. எனக்கு ஒண்ணும் புரியல. கேபிள்ல ஒரு நோய், வைஃபைல வேற நோய்.

#16 அலைவரிசை
இரண்டும் வேறு வேறு நோய்தான், சரியாகப் பிரித்துவிட்டீர்கள்.

முதலில் வைஃபை. கடைசி எண் 50 என்று உருண்டையாக இருப்பதைப் பார்த்தால் யாரோ கையால் போட்டது போல இருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டுகள் ஹாட்ஸ்பாட்டுக்கு எப்போதும் 192.168.43.1 என்ற ஒரே முகவரியைத்தான் வைத்துக்கொள்ளும். இப்போதையவை வேறு வேறு வரிசையை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கணினி இன்னும் பழைய போனின் தெருவில் கதவு எண் 50-ல் குடியிருக்கிறது, அந்தத் தெருவே இப்போது இல்லை. வைஃபை அடாப்டரின் ஐபிவி4 அமைப்பில் முகவரி, டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை) இரண்டையும் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். கேபிளில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், விண்டோஸுக்கு அது தனி அடாப்டர். கையால் போட்ட எண் அதற்குப் பொருந்தாது.

(தானாகப் பெறும்படி வைத்தும் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், போன் முகவரி கொடுக்கவே இல்லை என்று பொருள். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள்.)

இரண்டாவதற்கு ஒரே ஒரு கேள்வி: திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி?

#17 ஓட்டைக்கணினி
1 ஜனவரி 2009 😳

ஐம்பது யார் போட்டதுன்னும் ஞாபகம் வந்துடுச்சு. கணினியில இருந்த ஒரு ஃபோல்டரைப் போன்ல பார்க்கிறதுக்காக, முகவரி மாறாம இருக்கணும்னு நானே போட்டது. தானா பெறும்படி மாத்தினதும் முக்கோணம் போயிடுச்சு.

#18 நிலாமுற்றம்
தேதிதான் காரணம். ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழுக்கும் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை என்று கணக்கு உண்டு. உங்கள் கணினி 2009-ல் வாழ்கிறது. இன்றைய சான்றிதழ்கள் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காத பிள்ளைகள். எப்படி நம்பும்?

இன்டர்நெட் டைம் பொத்தானை அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தனிக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் விண்டோஸின் நேரச் சேவை திருத்த மறுத்துவிடும். உங்களுக்கு வித்தியாசம் பல வருஷம். ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாவற்றையும் கையால் போடுங்கள், நேர மண்டலத்தையும் பாருங்கள். அதன் பிறகு சேவை நொடிகளைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

மூல காரணம் மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மடிக்கணினிகளில் அதற்கு இரண்டு சின்ன ஒயர் வைத்துப் பிளக்கோடு வரும். அதை மாற்றும்வரை ஒவ்வொரு முறை மின்சாரத்தைப் பிடுங்கும்போதும் 2009-க்குத் திரும்பிப் போகும்.

#19 கம்பிவடம்
நான் பதினாறாவது பதிவைப் படிக்கிறப்பவே நினைச்சேன் தேதியா இருக்கும்னு. ஆனா சொல்லல :)

#20 அலைவரிசை
தேதி சரியான பிறகும் சில தளங்கள் முரண்டு பிடிக்கலாம். பல தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய ரூட் சான்றிதழ் (மற்றவற்றுக்கு உறுதி தரும் மூலச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதன் பின் புது ரூட்டை அறியாத கணினிகளுக்கு அந்தத் தளங்கள் எல்லாம் அந்நியம். பழைய குரோம் விண்டோஸின் ரூட் பட்டியலை நம்பியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது, அதனால் பழைய விண்டோஸில் எப்போதும் ஃபயர்ஃபாக்ஸ்தான் என் தேர்வு. விண்டோஸ் 7-க்குக் கடைசி வரிசை 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). குரோம் 109-ஓடு நிறுத்திக்கொண்டது.

கணினியில் இறக்க முடியாவிட்டால் போனில் இறக்கிக் கேபிள் வழியாக நகலெடுங்கள். 32 பிட் கோப்பைப் பார்த்து எடுக்க வேண்டும்.

#21 பெங்குவின்தாசன்
இதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸைப் புதுசாக்கினாலும் கீழே இருக்கும் தளம் ஓட்டைதான். அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

#22 கம்பிவடம்
ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பறவருக்கு எதுக்குப் பயமுறுத்தல்? போனுக்குப் பின்னாடிதானே கணினி இருக்கு, வெளியில இருந்து யாரும் நேரா வந்து கதவைத் தட்ட முடியாது.

#23 நிலாமுற்றம்
தட்ட வேண்டாம், நாமே திறந்து விடுவோமே. ஒரு கெட்ட இணைப்பைக் கிளிக் செய்தால் போன் தடுக்குமா? தாசன் சொல்வது சரி. என்னைக் கேட்டால் மெயிலைக்கூட அதில் திறக்க வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த கோப்பைக் கேபிளில் போனுக்கு நகலெடுத்து, மெயிலைப் போனிலிருந்தே அனுப்பலாம். கணினிக்கு இணையமே வேண்டாம்.

#24 ஓட்டைக்கணினி
அக்கா, இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா 😅

சரி, நிலவரம்: தேதி போட்டேன், ஃபயர்ஃபாக்ஸைப் போன்ல இறக்கிப் போட்டேன், தளங்கள் எல்லாம் திறக்குது. கையெடுத்துக் கும்பிடறேன் எல்லாரையும். ஆனா ஒரு மணி நேரத்துல போன்ல 1.5 ஜிபி காலி! நான் திறந்தது மொத்தமே நாலு பக்கம்.

#25 நிலாமுற்றம்
மூன்று வருடப் பட்டினி கிடந்தது இல்லையா, பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தட்டி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள், எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்று பெயரோடு வரும். வழக்கமாக மாட்டுபவர்கள் இருவர்: வைரஸ் தடுப்பான், மேகச் சேமிப்பு ஒத்திசைவு. விண்டோஸ் 8-லிருந்து அளவிட்ட இணைப்பு (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியது) என்று குறித்து வைக்கும் வசதி உண்டு, 7-ல் கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் வாயை அடைக்க வேண்டும். சில போன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கே டேட்டா வரம்பு போடலாம், இருந்தால் போட்டுவிடுங்கள்.

#26 எக்ஸ்பிகாவலர்
ஐயா, என்னை யாரும் கவனிக்கவில்லையே?

#27 கம்பிவடம்
மறந்தே போச்சு சார், மன்னிச்சுக்கோங்க. எக்ஸ்பி மூணாவது சர்வீஸ் பேக்ல டிரைவர் உள்ளேயே தூங்குது. அதை எழுப்ப ஒரு சின்ன ஐஎன்எஃப் கோப்புதான் வேணும். எக்ஸ்பிக்குன்னே டெதர்எக்ஸ்பிங்கிற பேர்ல கூகுள் கொடுத்தது. வெறும் உரைக் கோப்பு, நோட்பேடுல திறந்து படிச்சே பார்க்கலாம். போன்ல இறக்கி பென் டிரைவுல எடுத்துட்டுப் போய், டிரைவர் கேட்கிற பெட்டியில அந்த இடத்தைக் காட்டுங்க. யாராவது நிறுவியோட சேர்த்து பெரிய கோப்பா கொடுத்தா வாங்காதீங்க.

அப்புறம், கணினியோட யூஎஸ்பி துளை 1.1 ரகமா இருந்தா வேகம் 12 மெகாபிட்தான் உச்சம். 2.0-ன்னா 480. வேகம் இல்லன்னு போனைத் திட்டாதீங்க.

#28 அலைவரிசை
#26, இணைந்த பிறகு ஏமாற வேண்டாம். எக்ஸ்பிக்கு வந்த கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர், அதுவும் 2018-ல் நின்றுவிட்டது. பல தளங்கள் பாதி உடைந்து தெரியும். கேபிள் உங்களை வாசல் வரைதான் கொண்டு விடும்.

#29 எக்ஸ்பிகாவலர்
ஐஎன்எஃப் வேலை செய்தது! லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் 2 என்று புதிதாக ஒன்று முளைத்தது, இணையம் வந்துவிட்டது. தளங்கள் உடைந்துதான் தெரிகின்றன. பரவாயில்லை, எனக்கு வேண்டியது ஒரு பழைய நிரலின் உதவிக் கோப்பு மட்டும், கிடைத்துவிட்டது. கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

#30 ஓட்டைக்கணினி
ரிசோர்ஸ் மானிட்டர்ல பார்த்தேன் அக்கா. ரெண்டு பேருமே மாட்டினாங்க. மேகச் சேமிப்பு என் பழைய படங்களை எல்லாம் மறுபடி இறக்கிக்கிட்டு இருந்திருக்கு. அதை நீக்கிட்டேன், தடுப்பானைக் கையால மட்டும் புதுப்பிக்கிற மாதிரி வச்சுட்டேன். பட்டன் பேட்டரியும் மாத்தியாச்சு, அடியில எட்டுத் திருகு, அதுல ஒண்ணு எங்கேன்னு இன்னும் தேடறேன். ராத்திரி முழுக்க மின்சாரத்தைப் பிடுங்கி வச்சிருந்தேன், காலைல போட்டா தேதி சரியா இருக்கு.

இன்னிக்குப் பதினாலு பக்கம் ஸ்கேன் பண்ணி, நிலாமுற்றம் அக்கா சொன்ன மாதிரி கேபிள்ல போனுக்கு மாத்தி, போன்லருந்தே அனுப்பிட்டேன்.